கடலுக்குள் இறங்க இறங்க என்னதான் மாறுகிறது?

கடலில் ஆழமாகப் போகப் போக என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் இருட்டும், குளிரும், அழுத்தம் கூடும், உயிரினங்கள் குறையும் என்று சொல்லிவிடுவார்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் இப்படி ஒரே மூச்சில் சொல்லும்போது, இவை எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே சீராக மாறுகின்றன என்ற எண்ணம் மனதில் விழுந்துவிடுகிறது. கடலைப் புரிந்துகொள்வதில் பலருக்கும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெளிச்சம் முதல் சில பத்து மீட்டரிலேயே சரிந்துவிடும். வெப்பம் அதற்குக் கொஞ்சம் கீழே போய் மளமளவென்று விழும், அப்புறம் அடிவரைக்கும் பெரிதாக அசையாது. அழுத்தம் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜன் நடுவழியில் மிகவும் குறைந்து, அதற்கும் கீழே மறுபடி கூடும். உணவு பொதுவாகக் குறைந்துகொண்டே போனாலும் சில இடங்களில் எதிர்பாராமல் குவிந்து கிடக்கும். ஓர் ஆழத்தில் வாழும் உயிர் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், இந்த ஐந்தும் அந்த இடத்தில் என்ன நிலையில் இருக்கின்றன என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் அளவு. உலகப் பெருங்கடல்களின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். வங்காள விரிகுடாவின் சராசரி சுமார் 2,600 மீட்டர். ராமநாதபுரத்துக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூடக் கிடையாது. ஆழத்திலேயே ஆழமான இடம் மேற்குப் பசிபிக்கில், மரியானா அகழியில் உள்ள சேலஞ்சர் மடு, சுமார் 10,900 மீட்டர். நாம் படங்களில் பார்த்துப் பழகிய கடல், அதாவது நீல வெளிச்சம், பவளம், கூட்டம் கூட்டமாக நீந்தும் மீன், எல்லாமே மேல் 200 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கடல்நீரின் மொத்தக் கொள்ளளவில் அது 5 சதவீதம்தான். பூமியில் உயிர் வாழக்கூடிய இடத்தில் மிகப் பெரும்பகுதி இருட்டான, குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த தண்ணீர். நாம் வாழும் தரையும் காற்றும்தான் விதிவிலக்கு.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதுதான் மற்ற எதையும்விட வேகமாக மாறுவது. சூரிய ஒளி தண்ணீருக்குள் நுழைந்ததும் முதலில் காணாமல் போவது சிவப்பு. நன்றாகத் தெளிந்த கடலிலும் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். அடுத்து ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசிவரை தாக்குப்பிடிப்பது நீலம்தான். இருபது மீட்டர் ஆழத்தில் நீந்துகிறவர் கையில் கீறல் பட்டு ரத்தம் வந்தால், அது பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். ரத்தம் மாறவில்லை, அதன் சிவப்பைத் திருப்பிக் காட்டச் சிவப்பு ஒளிதான் அங்கே இல்லை.

மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும் ஆழம்வரை ஒளிச்சேர்க்கை ஓரளவு நடக்கும் என்பது பொதுவான கணக்கு. நடுக்கடலின் தெளிந்த நீரில் அந்த எல்லை 100 மீட்டரையும் தாண்டும். 200 மீட்டர் என்று புத்தகங்களில் போடுகிற கோடு இதை வைத்து வந்ததுதான். ஆனால் ஆற்றுநீர் வண்டலோடு கலக்கும் கரையோரத்தில் சில மீட்டரிலேயே இருட்டிவிடும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் ஆழம் குறைந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் வெளிச்சம்தான். அந்தப் பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவை வெயிலில் சமைக்கும் உணவில்தான் பவளம் பிழைக்கிறது. தண்ணீர் கலங்கிப் பல நாள் அப்படியே நின்றால் பவளம் பட்டினி கிடக்கும். கரையோரத்தில் மண் அரிப்பையும் கழிவையும் கண்டுகொள்ளாமல் விடுவது பவளத்தைக் கொல்லும் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த எளிய கணக்குதான்.

200 மீட்டருக்குக் கீழே சுமார் 1,000 மீட்டர்வரை ஒரு மங்கல் வெளி. செடிக்குப் போதாத, ஆனால் கண்ணுக்குப் போதுமான நீல வெளிச்சம் மேலிருந்து கசிந்துகொண்டிருக்கும். என் மனதை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். இங்கே ஒளிந்துகொள்ளப் பாறை இல்லை, புல் இல்லை, தரையும் இல்லை, எல்லாப் பக்கமும் வெறும் தண்ணீர். வேட்டையாடும் மீன்கள் மேல்நோக்கிப் பார்த்தபடி காத்திருக்கும், தலைக்கு மேலே போகும் எதுவும் மங்கலான நீலத்தின் முன்னால் கறுப்பு நிழலாகத் தெரிந்துவிடும் என்பதால். இதற்குச் சில மீன்கள் கண்டுபிடித்த மாற்று அபாரமானது. ஹாட்செட் மீன், விளக்கு மீன் போன்றவற்றின் வயிற்றுப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஒளி உறுப்புகள் இருக்கின்றன. மேலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு மங்கலோ அதே அளவுக்கு இவை வயிற்றை ஒளிரவிடும். கீழேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு நிழலே விழாது. மேகம் மறைத்து மேலே வெளிச்சம் குறைந்தால் வயிற்று விளக்கையும் குறைத்துக்கொள்ளும்.

இன்னொரு மாற்று சிவப்பு நிறம். கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் இறங்கும் ஆழ்கடல் இறால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் சில சமைக்காமலே செக்கச்செவேல் என்று இருக்கும். மேலே வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம், சிவப்பு ஒளியே எட்டாத முந்நூறு நானூறு மீட்டர் ஆழத்தில் கறுப்பாகிவிடுகிறது. ஆழ்கடலில் சிவப்பாக இருப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் ஒன்றுதான். சொல்லப்போனால் இதற்கும் ஒரு பதில் உருவாகியிருக்கிறது: மலகோஸ்டியஸ் என்ற டிராகன் மீன் தன் கண்ணுக்கு அடியிலிருந்து சிவப்பு ஒளியைப் பாய்ச்சும், அதைப் பார்க்கவும் செய்யும். அக்கம்பக்கத்தில் இருக்கும் பெரும்பாலான உயிர்களின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது என்பதால், தன் மேல் விளக்கு அடிக்கப்படுவதே இரைக்குத் தெரியாது.

1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் கிடையாது. அங்கே இருக்கும் வெளிச்சம் எல்லாம் உயிர்களே உண்டாக்குவது. கலிபோர்னியக் கரைக்கு அப்பால் 240 முறை இயந்திரத்தை இறக்கி எடுத்த காணொளிகளை மான்டரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தினர் அலசி, 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேற்பரப்பிலிருந்து சுமார் 4,000 மீட்டர்வரை நீரில் மிதந்தும் நீந்தியும் திரியும் விலங்குகளில் 76 சதவீதம் ஒளி உண்டாக்கக்கூடியவை. நமக்கு மின்மினி ஒரு அதிசயம். கடலில் ஒளிராமல் இருப்பதுதான் அபூர்வம். இரையை அழைக்க, துணையைத் தேட, துரத்தி வருபவரின் கண்ணைக் கூசவைத்துத் தப்ப என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குப் பயன்படுத்துகிறது. தலையில் தூண்டில்போல ஒரு விளக்கைத் தொங்கவிடும் ஆங்லர் மீனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அந்த விளக்கில் ஒளிர்வது பாக்டீரியா. 2025 தொடக்கத்தில் கேனரித் தீவுகளின் டெனெரிஃப் அருகே அந்த வகை மீன் ஒன்று பகல் வெளிச்சத்தில் மேற்பரப்புக்கு வந்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பெரிய ராட்சத மீன் என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கும் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆழத்தில் இருப்பவை எல்லாம் பூதாகரமானவை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை சின்னவை, உணவு குறைந்த இடத்தில் அப்படித்தான் இருக்க முடியும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது இரவைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியைச் சோதித்தவர்களுக்கு ஒரு விநோதம் தென்பட்டது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் இருக்க வேண்டிய இடத்தில், சில நூறு மீட்டரிலேயே தரை இருப்பதுபோல எதிரொலி வந்தது. அந்தத் 'தரை' பொழுது சாய்ந்ததும் மேலே ஏறியது, விடியலில் மறுபடி கீழே இறங்கியது. அது உயிர்களின் திரள். பகலில் மங்கல் வெளியில் பதுங்கியிருக்கும் குட்டி இறால்கள், விளக்கு மீன்கள், கணவாய்கள், சொறிமீன்கள் எல்லாம் இருட்டியதும் உணவு இருக்கும் மேல்நீருக்கு ஏறி, விடிவதற்குள் திரும்பிவிடுகின்றன. விரல்நீளம்கூட இல்லாத உயிர் ஒரே இரவில் பல நூறு மீட்டர் ஏறி இறங்குகிறது. எடையை வைத்துப் பார்த்தால் பூமியில் நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான், அதுவும் நாள் தவறாமல். நிலவு பிரகாசமாக இருக்கும் நாட்களில் இவற்றில் பல அவ்வளவு மேலே வருவதில்லை. இரவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் கணக்குப் பார்ப்பது இதோடு நன்றாகப் பொருந்திப்போகிறது.

சரி, வெப்பம். வங்காள விரிகுடாவில் மேல்நீர் 28, 29 டிகிரி இருக்கும். காற்றும் அலையும் கலக்கிவிடும் அந்த மேலடுக்கு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம். அதைத் தாண்டியதும் மளமளவென்று விழத் தொடங்கும், 200 மீட்டரில் சுமார் 14 டிகிரி, 1,000 மீட்டரில் 6, 7 டிகிரி. அதற்கப்புறம் 2,000 மீட்டரில் 3 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து, அடிவரை மெதுவாக இன்னும் ஒன்று, ஒன்றரை டிகிரி குறையும், அவ்வளவுதான். முதல் ஆயிரம் மீட்டரில் இருபது டிகிரிக்கு மேல் விழுவது, அடுத்த இரண்டாயிரம் மீட்டரில் ஐந்து டிகிரிகூட விழுவதில்லை. சடசடவென்று விழும் அந்த அடுக்கு ஒரு மூடிபோல வேலை செய்கிறது. மேலே லேசான வெந்நீர், கீழே கனமான தண்ணீர், இரண்டும் எளிதில் கலக்காது. இதனால் கீழே இருக்கும் சத்துகள் மேலே வருவதில்லை, மேலே இருக்கும் ஆக்சிஜன் கீழே போவதில்லை.

இந்த வேறுபாட்டை வைத்துக் குடிநீரே எடுக்கிறார்கள். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைத்த தொட்டிக்குள் விட்டால் அதில் ஒரு பகுதி ஆவியாகும், சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் போட்டு இழுத்த 12, 13 டிகிரி தண்ணீர் அந்த ஆவியைக் குளிரவைத்து நன்னீராக்கும். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். தீவை ஒட்டியே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால் அங்கே இது சாத்தியமானது. பாக் விரிகுடாவில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

ஆழம் என்றாலே குளிர் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. செங்கடலின் அடிநீர் 21 டிகிரிக்கு மேல், மத்தியதரைக் கடலின் அடிநீர் 13 டிகிரிக்குப் பக்கத்தில். குறுகலான, ஆழம் குறைந்த வாசல் துருவத்துக் குளிர்நீரை உள்ளே விடுவதில்லை. ஆகவே குளிருக்குக் காரணம் ஆழம் மட்டும் இல்லை, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

இது ஆக்சிஜனுக்கு இன்னும் பொருந்தும். ஆழம் கூடக்கூட ஆக்சிஜன் குறையும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் மோசமான இடம் நடுவில்தான் இருக்கிறது, இந்தியாவை ஒட்டிய அரபிக்கடல் அதற்கு உலகிலேயே பெரிய உதாரணங்களில் ஒன்று. அங்கே 150, 200 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழேவரை ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துபோன ஒரு பெரிய அடுக்கு பரவிக் கிடக்கிறது. பருவக்காற்று ஆழத்துச் சத்துகளை மேலே இழுத்துவந்து மிதவைப் பாசிகளை ஏராளமாக வளரவைக்கிறது. அவை செத்து மூழ்கும்போது பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கின்றன, சிதைக்கச் சிதைக்க ஆக்சிஜன் செலவாகிறது. மேலே சொன்ன மூடி புது ஆக்சிஜனை உள்ளே விடுவதில்லை, வடக்கே நிலம் அடைத்திருப்பதால் அந்தப் பக்கமிருந்தும் புதுநீர் வராது. சில இடங்களில் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைப் பயன்படுத்தி வாழும் அளவுக்கு நிலைமை இறங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தின்போது இந்த மூச்சுத்திணறும் நீர் மேற்குக் கரையின் ஆழம் குறைந்த பகுதிகளுக்கு ஏறி வருவதும் உண்டு, அப்போது மீன்கள் இடம்பெயர்ந்துவிடும்.

ஆனால் 3,000 மீட்டருக்குப் போனால் ஆக்சிஜன் மறுபடி நன்றாகவே இருக்கிறது. அந்த அடிநீர் அண்டார்டிகாவை ஒட்டியும் வட அட்லாண்டிக்கிலும் மேற்பரப்பில் கடுங்குளிரில் இருந்தது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், கனமானதால் அது மூழ்கி, தரையோடு தரையாகப் பல நூற்றாண்டுகள் ஊர்ந்து உலகம் முழுக்கப் பரவுகிறது. வங்காள விரிகுடாவின் அடியில் ஒரு மீன் இன்று சுவாசிக்கும் ஆக்சிஜன் நம் முப்பாட்டன்களுக்கும் முந்தைய காலத்தில் ஏதோ ஒரு துருவக் காற்றிலிருந்து கரைந்தது. பூமி சூடாகும்போது இந்த மூழ்கல் மந்தப்படும் என்பதும், சூடான மேல்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதும் சேர்ந்துதான், நடுவில் இருக்கும் ஆக்சிஜன் இல்லா அடுக்கு விரிவதைப் பற்றி விஞ்ஞானிகளைக் கவலைப்பட வைக்கின்றன. அந்தக் கவலை நியாயமானது. அடுக்கு மேலே தடித்தால், சூரை போன்ற வேகமான மீன்கள் நீந்தக்கூடிய இடம் மேற்பரப்பை ஒட்டிக் குறுகிவிடும், வலைக்கும் எளிதில் சிக்கும்.

அந்த அடுக்குக்குள்ளேயே வாழ்வதற்கென்று ஆன உயிர்களும் உண்டு. கணவாய்க்கு உறவான ஒன்றுக்கு வேம்பயர் ஸ்குவிட், அதாவது ரத்தக்காட்டேரிக் கணவாய், என்று பயங்கரமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாவம், அது யாருடைய ரத்தத்தையும் குடிப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரில் அசையாமல் மிதந்து, நீளமான இழையை நீட்டி, மேலிருந்து விழும் துகள்களைச் சேர்த்துச் சாப்பிடுகிறது. துரத்தி வர முடியாத இடத்தில் குடியிருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

அழுத்தத்தின் கணக்கு எளிது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலே இருக்கும் காற்றழுத்தம் அளவுக்கு ஒன்று கூடும். 3,700 மீட்டரில் சுமார் 370 மடங்கு, சேலஞ்சர் மடுவில் ஆயிரம் மடங்குக்கு மேல், அதாவது ஒரு சிறிய காரின் எடை முழுக்க விரல்நகத்தின் மேல் நிற்பதுபோல. ஆனால் இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காற்றை வைத்து வாழ்பவர்களுக்கு ஆபத்தான மாற்றம் முதல் பத்து மீட்டரில்தான் அதிகம். மேற்பரப்பில் ஆறு லிட்டராக இருக்கும் நுரையீரல் காற்று 10 மீட்டரில் மூன்று லிட்டராகச் சுருங்கும். மறுபடி பாதியாக இன்னும் 20 மீட்டர் இறங்க வேண்டும், அதற்கடுத்த பாதிக்கு 40 மீட்டர். ஆயிரம் மீட்டரில் இருக்கும் காற்றுக்குமிழியைப் பத்து மீட்டர் கீழே தள்ளினால் நூற்றில் ஒரு பங்குதான் சுருங்கும். மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு 5 முதல் 10 பாகம்வரை, அதாவது சுமார் 9 முதல் 18 மீட்டர்வரை, மூச்சடக்கி இறங்கி முத்துக்குளித்தவர்கள் கடலின் இந்தக் கடுமையான பகுதிக்குள்தான் தினமும் போய்வந்தார்கள். இன்று கம்ப்ரசர் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டு சங்கு எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும், அவசரமாக மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழியாகி மூட்டையும் நரம்பையும் முடக்கிவிடும், சில நேரம் உயிரையே எடுத்துவிடும். நிதானமாக, இடையிடையே நின்று மேலே ஏறும் பயிற்சி அந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் ஆழத்து மீன் ஏன் நசுங்குவதில்லை? பெரும்பாலும் அதன் உடலுக்குள் காற்று இல்லை, இருப்பதெல்லாம் தண்ணீர். தண்ணீரை அழுத்திச் சுருக்குவது மிகவும் கடினம், 11 கிலோமீட்டர் ஆழத்தில்கூட 5 சதவீதம்தான் சுருங்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்பதால் நசுங்க எதுவும் இல்லை. பிரச்சினை அதைவிட நுட்பமானது. அழுத்தம் கூடும்போது உடலின் புரதங்கள் வடிவம் குலைந்து வேலை செய்யாமல் போகும். இதைத் தடுக்க ஆழத்து மீன்கள் டிஎம்ஏஓ என்ற பொருளைச் செல்களில் சேர்த்துவைக்கின்றன, ஆழம் கூடக்கூட அதன் அளவும் கூடும். செத்த மீனில் இந்தப் பொருள் சிதைவதால்தான் நமக்குத் தெரிந்த மீன்வாடை வருகிறது. அதையும் எல்லையில்லாமல் சேர்க்க முடியாது, ஒரு கட்டத்துக்கு மேல் உடல் கடல்நீரைவிடச் செறிவாகி வெளித்தண்ணீர் உள்ளே புகத் தொடங்கும். அந்த எல்லை 8,200 முதல் 8,400 மீட்டர்வரை இருக்கலாம் என்று கணித்திருந்தார்கள். 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இஸு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஒரு ஸ்னெயில் மீன் படம்பிடிக்கப்பட்டது, இன்றுவரை பார்த்ததிலேயே ஆழத்தில் இருந்த மீன் அதுதான். செதில் இல்லாத, வழவழப்பான, வெளிறிய உடல், பூதமும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. கணிப்பும் கண்டதும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

'உலகின் அசிங்கமான விலங்கு' என்று பட்டம் சூட்டப்பட்ட பிளாப் மீனுக்கு நடந்தது பெரிய அநியாயம். தளர்ந்து வழிந்த முகத்தோடு நாம் பார்க்கும் அந்தப் படம், ஆழத்திலிருந்து வலையில் இழுத்து வெளியே போடப்பட்ட உடலின் படம். அதன் ஊரில், அதன் அழுத்தத்தில், அது சாதாரண மீனாகத்தான் இருக்கிறது.

மேலே மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போகும் உயிர்களும் இருக்கின்றன. கூவியர் அலகுத் திமிங்கிலம் ஒன்று 2,992 மீட்டர்வரை போனது கருவியில் பதிவாகியிருக்கிறது. நுரையீரல் முழுதாகச் சுருங்கும்படி விட்டுவிட்டு, ரத்தத்திலும் தசையிலும் சேர்த்துவைத்த ஆக்சிஜனில் அது காலம் தள்ளுகிறது.

கடைசியாக உணவு. வெயில் இல்லாத இடத்தில் பயிர் இல்லை, ஆகவே ஆழத்துக்குச் சாப்பாடு பெரும்பாலும் மேலிருந்து விழுந்தாக வேண்டும். செத்த மிதவை உயிர்கள், கழிவு, கோழை எல்லாம் ஒட்டித் திரண்டு வெள்ளைத் துகள்களாக நிற்காமல் விழுந்துகொண்டிருக்கும், இதைக் கடல்பனி என்கிறார்கள். வழியிலேயே பலரும் எடுத்துச் சாப்பிட்டுவிடுவதால், மேலே விளைந்ததில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அடித்தரையைத் தொடும். அதை நம்பித்தான் சமவெளி முழுக்கக் கடல் அட்டைகள் மேய்கின்றன, பாக் விரிகுடாவில் நாம் பார்க்கும் அட்டைகளின் தூரத்துச் சொந்தங்கள். கிடைக்கும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுப் பிறகு காலக்கணக்கில் காத்திருப்பது இங்கே பொதுவான பழக்கம். ஜப்பானின் தோபா மீன்காட்சியகத்தில் இருந்த, நண்டு, இறால்களுக்கு உறவான ராட்சத ஐசோபாட் ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எதையும் தின்னாமல் இருந்து 2014இல் செத்தது. எப்போதாவது ஒரு திமிங்கிலத்தின் உடல் விழும்போது மட்டும் பெரிய விருந்து: சுறாக்களும் விலாங்கு போன்ற ஹாக்மீன்களும் சதையைத் தீர்த்த பிறகு எலும்பையே கரைத்துத் தின்னும் புழுக்கள் வரும், அந்த ஒரே உடல் பல பத்தாண்டுகளுக்கு ஒரு கூட்டத்தைத் தாங்கும்.

இன்னும் ஆழமான அகழிகளில் உணவு மறுபடி கூடுகிறது. சரிவான இரண்டு பக்கங்களும் விழுவதையெல்லாம் நடுவுக்குச் சேர்க்கின்றன, நிலநடுக்கங்கள் சேற்றை உலுக்கிக் கீழே தள்ளுகின்றன. சேலஞ்சர் மடுவில் இறால் போன்ற ஆம்பிபாட்கள் திரளாக மொய்ப்பது அதனால்தான். நல்லது சேரும் இடத்தில் கெட்டதும் சேருகிறது. மரியானா அகழியின் ஆம்பிபாட்களின் உடலில் தடைசெய்யப்பட்ட தொழிற்சாலை ரசாயனங்களும் வயிற்றில் பிளாஸ்டிக் இழைகளும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

உயிருக்கு ஆழத்தில் வேலையே இல்லை என்று ஒருகாலத்தில் திடமாக நம்பினார்கள். 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் கிரேக்க நாட்டை ஒட்டிய ஏஜியன் கடலில் வாரி எடுத்துப் பார்த்து, கீழே போகப்போக உயிர்கள் குறைவதைக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, எதுவும் வாழாது என்று கணித்தார். ஏஜியன் சத்துக் குறைந்த கடல், அதை உலகத்துக்கே பொதுவாக்கியதுதான் சிக்கல். 1872 முதல் 1876வரை சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து உயிர்களை எடுத்து அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1960 ஜனவரி 23இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் கலத்தில் சேலஞ்சர் மடுவின் தரையையே தொட்டார்கள்.

1977இல் வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. கலபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டரில், பூமிக்குள்ளிருந்து சூடான நீர் பீறிடும் வெடிப்புகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் அடர்ந்து கிடந்தன. இரண்டு மீட்டர்வரை வளரும் அந்தக் குழாய்ப்புழுவுக்கு வாயும் குடலும் கிடையாது. உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள், வெயிலுக்குப் பதிலாக, பீறிடும் நீரில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு சமைத்துத் தருகின்றன. இப்படிப்பட்ட வேறு சில ஊற்றுகளில் நீர் 350 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிப்பதில்லை, 250 மடங்கு அழுத்தம் கொதிக்க விடாது. நம் இந்தியப் பெருங்கடலிலும் இவை உண்டு. 2001இல் இங்கே ஓர் ஊற்றருகே கண்டெடுத்த செதில்கால் நத்தை, தன் காலில் இரும்பு சல்பைடு கலந்த கவசத்தையே வளர்த்துக்கொள்கிறது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரக்கூடிய ஆபத்துக்காக அழியும் நிலைப் பட்டியலில் 2019இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட உயிர் அதுதான்.

அந்தச் சுரங்கம் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் அடித்தரையில் உலோக முண்டுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் சேர்ந்த, உருளைக்கிழங்கு அளவுள்ள கட்டிகள் அவை, 5,000 மீட்டருக்கும் கீழே சேற்றின் மேல் கிடக்கின்றன. மூன்று பேரை 6,000 மீட்டர்வரை கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னையில்தான் உருவாக்குகிறார்கள், 80 மில்லிமீட்டர் தடிமனான டைட்டானியக் கோளத்தோடு. ஆராய்ச்சிக்காக அங்கே போவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன், அந்தத் தரையில் மனிதக் கண் நேரடியாகப் பார்த்தது மிகமிகச் சொற்பம். முண்டுகளை வாரி எடுப்பது வேறு விஷயம். ஒரு முண்டு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். மெத்தென்ற சேற்றில் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேறு இடமில்லாததால் கடற்பஞ்சுகள் இந்த முண்டுகளின் மேல்தான் முளைக்கின்றன, அந்தப் பஞ்சுகளின் காம்பில் ஆழ்கடல் ஆக்டோபஸ்கள் முட்டை வைக்கின்றன. 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால் 4,100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு சிறிய பகுதியைச் சோதனைக்காக உழுது பார்த்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து 2015இல் திரும்பப் போனபோது அந்த உழவுச் சால்கள் அப்படியே இருந்தன. அங்கே மேலிருந்து விழும் சேறும் உணவும் அவ்வளவு குறைவு, உயிர்கள் வளரும் வேகமும் அவ்வளவு மெதுவானது.